சுவேதா பெயரில் ஒரு சீட்டு

3 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய கமலவல்லி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகள் சுவேதாவின் வகுப்பாசிரியை பாத்திமா மேரி எழுதுகிறேன். போன மாதம் பள்ளி வாசலில் நமக்குள் நடந்த பேச்சுக்குப் பிறகு, "இனிமே எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க டீச்சர், வாயால சொன்னா அப்புறம் நான் அப்படிச் சொல்லலம்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். சுவேதா தலையில் பேன் இருப்பதை மற்றப் பெற்றோர்களுக்கு முன்னால் நான் சொல்லியிருக்கக் கூடாது. அதற்கு வருந்துகிறேன்.

போன வாரம் நம் பள்ளிக்கு மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைச் சோதித்தது. மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்குச் சொத்தைப் பல், ஒன்பது பேருக்குப் பேன், ஐந்து பேருக்குச் சிரங்கு, இருவருக்குக் காதில் சீழ், ஒரு பையனுக்குக் கண்ணாடி போட வேண்டும். வருடா வருடம் வருவதுதான். சுவேதாவின் மருத்துவச் சீட்டில் கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டு சொத்தை என்றும் இரத்தம் குறைவு என்றும் இருக்கிறது. இவற்றுக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. இதயத்தில் கூடுதலாக ஒரு சத்தம் கேட்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். இப்படிப் பல பிள்ளைகளுக்கு எழுதுவார்கள், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனாலும் தள்ளிப் போட வேண்டாம். சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பாத்திமா மேரி

5 பிப்ரவரி

டீச்சர்,

கடிதம் கிடைத்தது. பல்லையும் பேனையும் முதலில் எழுதி, இதயத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். பாதி படித்துவிட்டு, இந்தம்மாவுக்கு வேறு வேலை இல்லை என்று அடுப்பு மேடையில் வைத்துவிட்டேன். மீன் விற்றுவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன்.

சுவேதா அப்பா கடலில் இருக்கிறார். நாளை மறுநாள்தான் கரை. அதுவரை யாரிடம் சொல்வது? அவளைக் கூப்பிட்டு நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். எனக்கு என்ன தெரியும், டப் டப் என்று அடித்தது. "எனக்கு ஒண்ணுமே பாக்கலம்மா, எந்த டாக்டரும் என்னயத் தொடல" என்கிறாள். ஊசிக்குப் பயந்து பொய் சொல்கிறாள் என்று நாலு அடி போட்டேன். போட்ட பிறகு, இதயம் சரியில்லாத பிள்ளையை அடித்துவிட்டோமே என்று நானே உட்கார்ந்து அழுதேன்.

"பெரும்பாலும் ஒன்றும் இருக்காது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பெரும்பாலும் என்கிற வார்த்தையை இனி எந்தத் தாய்க்கும் எழுதாதீர்கள்.

கமலவல்லி

12 பிப்ரவரி

டீச்சர்,

திங்கட்கிழமை விடியற்காலை பஸ் பிடித்து, பட்டுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் போய், பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று எக்கோ எடுத்தாயிற்று. சுவேதா இதயத்தில் ஒன்றும் இல்லை. கல் மாதிரி இருக்கிறது என்றார்கள். அதே இடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் அப்பா, நாலு பேர் இழுக்கிற வலையைத் தனியாளாக இழுக்கிற மனிதர், மாடிப்படியில் நின்று தேம்பினார்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அங்கிருந்த லேடி டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு பல்லில் கூடச் சொத்தை இல்லை. "இந்தச் சீட்டு இந்தப் பிள்ளையோடதுதானாம்மா? இருபத்தொன்பதாம் தேதி பாத்ததா போட்டிருக்கே" என்றார்.

இருபத்தொன்பது தை அமாவாசை. என் மாமனாருக்குத் திதி கொடுக்கக் குடும்பத்தோடு கோடியக்கரை போயிருந்தோம். சுவேதாவும் எங்களோடு கடலில் முங்கினாள். எங்கள் தெருவிலிருந்து பாதிப் பிள்ளைகள் அன்று பள்ளிக்கு வரவில்லை.

வராத பிள்ளையின் இதயத்தில் சத்தம் கேட்டது எப்படி? என் பிள்ளை உண்மையைச் சொல்லி அடி வாங்கியிருக்கிறாள். பதில் எழுதுங்கள். நாளைக்கே.

கமலவல்லி

13 பிப்ரவரி

கமலவல்லி அவர்களுக்கு,

சுவேதா நலம் என்று படித்ததும் மாதாவுக்கு நன்றி சொன்னேன். இனி எழுதப்போவதைப் படித்தால் நீங்கள் என் முகத்தில் விழிக்க மாட்டீர்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

மருத்துவக் குழு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். அன்று வராத பிள்ளைகளைப் பிறகு நாங்களே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். வராதவர்கள் எண்ணிக்கை கூடினால் தலைமையாசிரியர் இராஜாங்கம் சாருக்கு மேலேயிருந்து கேள்வி வரும். அதனால் எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம். வராத பிள்ளையின் சீட்டோடு வேறொரு பிள்ளையை வரிசையில் நிறுத்திவிடுவோம். எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் பேனும் சொத்தைப் பல்லும்தானே, யாருக்கு என்ன கெடுதல் என்று நினைத்தோம். நான் நினைத்தேன். பன்மையில் எழுதி ஒளிந்துகொள்ளப் பார்க்கிறேன்.

அன்று என் வகுப்பில் நான்கு பேர் இல்லை. உங்களுக்கு முதல் கடிதம் எழுதும்போதே மனதில் ஒரு உறுத்தல் இருந்தது. யாருக்குப் பதில் யார் நின்றார்கள் என்று அப்போதே யோசித்துப் பார்த்திருக்கலாம். யோசிக்கவில்லை.

சுவேதாவுக்குப் பதிலாக நின்றவள் பெயர் பொன்னுத்தாய். நீங்கள் பார்த்திருக்கலாம். பொங்கலுக்குப் பிறகு நம் ஊர்ப் பக்கம் வாத்து மேய்க்க வந்தார்களே, அவர்களில் துரைராசு என்பவரின் மகள். அறுத்த வயலில் வாத்து மேயும்வரை இங்கே இருப்பார்கள், பிறகு போய்விடுவார்கள். "பகல்ல வெயில்ல கெடக்காம ஒங்ககிட்ட உக்காந்திருக்கட்டும் டீச்சர்" என்று கொண்டுவந்து விட்டார். மதிய உணவும் கிடைக்கும் என்று உட்கார வைத்தேன். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. பள்ளிக் கணினியில் மாணவர் எண் இல்லை. எண் இல்லாததால் அவளுக்கென்று சீட்டும் இல்லை. அதனால்தான் அவளை எடுத்தேன். தனக்கென்று ஒரு சீட்டு இல்லாத பிள்ளை, இன்னொருத்தி சீட்டில் நிற்பதில் சிக்கல் வராது என்று.

"பேர் கேட்டா சுவேதான்னு சொல்லு" என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இன்று மதியம் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் போனேன். வாத்துப் பட்டி போட்டிருந்த இடத்தில் இறகும் சாம்பலும்தான் கிடந்தன. போய் ஐந்து நாள் ஆயிற்றாம்.

இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இராஜாங்கம் சார் மே மாதம் ஓய்வு பெறுகிறார்.

பாத்திமா மேரி

14 பிப்ரவரி

டீச்சர்,

ஆறு நாள் என் பிள்ளை செத்துப்போவாள் என்று நினைத்துக்கொண்டு சோறு ஆக்கினேன். அதற்கு உங்களை என்ன செய்வது என்பதைப் பிறகு பார்க்கிறேன். திட்ட ஆரம்பித்தால் பேப்பர் பத்தாது.

இராஜாங்கம் சார் ஓய்வைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை மூச்சு வாங்கினாளா, ஓடினால் உட்கார்ந்துகொள்வாளா, எத்தனை வயது, எதுவும் எழுதவில்லை. சுவேதாவைக் கேட்டேன். அவள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாள். "அவ ஓடிப்பிடிச்சு ஆட மாட்டாம்மா, நாங்க ஓடுனா அவ நின்னு எண்ணிக்கிட்டு இருப்பா." மூன்று வாரம் உங்கள் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை. உங்களுக்குத் தெரியாதா?

எந்தப் பக்கம் போனார்கள்? போன் நம்பர் உண்டா? அந்தத் துரைராசு எப்படி இருப்பார்? எனக்கு அறிவுரை எழுத வேண்டாம். விவரம் எழுதுங்கள்.

கமலவல்லி

17 பிப்ரவரி

கமலவல்லி அவர்களுக்கு,

போன் நம்பர் இல்லை. துரைராசு ஒல்லியாக, உயரமாக இருப்பார். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. பொன்னுத்தாய்க்கு எட்டு வயது என்றார், பார்த்தால் ஆறு சொல்லலாம். நீங்கள் கேட்டது சரி. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து நிற்பாள். சாப்பாடு பத்தாத பிள்ளை என்று முட்டையை இரண்டாக வைத்தேன். அவ்வளவோடு என் மனம் திருப்திப்பட்டுவிட்டது.

நேற்றுப் பூசை முடிந்ததும் நானும் என் வீட்டுக்காரர் ரெமிஜியஸும் வண்டியில் வடுவூர் வரை தேடிப் போனோம். ஒரு மிராசுதார் சொன்னார், "அறுப்பு எங்க பிந்துதோ அங்கதாங்க வாத்துக்காரன் இருப்பான். அறுத்து நாளு கடந்த வயல்ல நெல்லு ஏது?" எங்கே அறுப்பு பிந்தியது என்று எனக்குத் தெரியவில்லை. இரவெல்லாம் புரண்டு புரண்டு படுக்கிறேன். ரெமிஜியஸ், "நீ செஞ்சது தப்புதான், ஆனா வேலைய வச்சிக்கிட்டுத் திருத்து" என்கிறார்.

ஒரு வேண்டுகோள். சுவேதா பெயரில் உள்ள அந்தச் சீட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் மகள் பதிவில் இதய நோய் என்று நிற்க வேண்டாம். நான் சரி செய்துவிடுகிறேன்.

பாத்திமா மேரி

24 பிப்ரவரி

டீச்சர்,

சீட்டைத் தர மாட்டேன். நீங்கள் சரி செய்கிற அழகு தெரியும். கிழித்துப் போட்டால் அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே எழுத்தும் போய்விடும்.

எங்கே அறுப்பு பிந்தியது என்று உங்களுக்கும் மிராசுதாருக்கும் தெரியாது. மீன்காரிக்குத் தெரியும். அறுப்பு நடக்கிற ஊரில்தான் மீன் விற்கும். ஆள் கூடும், சோறு பொங்கும், குழம்பு வேண்டும். பத்து நாளாக நான் போகிற ஊரையெல்லாம் மாற்றிக்கொண்டேன். டிவிஎஸ்ஸில் கூடையைக் கட்டிக்கொண்டு முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, அங்கிருந்து உள்ளே உள்ளே போய்க் கோட்டூர். போகிற இடமெல்லாம் மீனைக் கொடுத்துவிட்டு வாத்தைக் கேட்டேன். "மீன்காரம்மா வாத்துக்கு மாறிட்டியா" என்று கேலி பேசினார்கள். வெள்ளிக்கிழமை ஒரு வாய்க்கால் கரையில் ஆயிரம் வாத்து கத்துகிற சத்தம் கேட்டது. வண்டியைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடினேன்.

புருவத்தில் தழும்போடு துரைராசு நின்றார். விஷயத்தைச் சொன்னால் நம்பவில்லை. சீட்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்த ஆளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். "சுவேதான்னு போட்டிருக்குங்க. எம்புள்ள பேரு பொன்னுத்தாய். யாரு புள்ளைக்கோ வந்தத எம்புள்ள தலையில கட்டுறீங்களே அக்கா" என்றார். நியாயமான கேள்வி.

அப்போது அவள் வந்தாள். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நாலு தடவை நின்று நின்று வந்தாள். கழுத்து நரம்பு படபடவென்று துடித்தது. சீட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, "அப்பா, இது நாந்தாம்ப்பா. அன்னைக்கு டீச்சர் என்னயத்தான் சுவேதான்னாங்க. டாக்டர் ரொம்ப நேரம் நெஞ்சுல வச்சிக் கேட்டாங்க" என்றாள். அந்த மனிதர் முகம் போன போக்கை உங்களுக்கு எழுத என்னால் முடியாது. வாத்தை அடுத்தவரிடம் விட்டுவிட்டு மறுநாளே கிளம்பிவிட்டார்.

தஞ்சாவூரில் அதே லேடி டாக்டர். குழாயை அவள் நெஞ்சில் வைத்துப் பத்து எண்ணுவதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டிய ஒரு சின்ன வழி, இதயத்துக்குப் பக்கத்தில் இரண்டு இரத்தக் குழாய்களுக்கு நடுவில், மூடாமலே இருக்கிறதாம். "தொடை வழியா டியூப் விட்டு அடைச்சிடலாம், நெஞ்சக் கிழிக்க வேண்டாம். ஆனா இதுக்கு மேல தள்ளிப் போட்டா நுரையீரல் கெட்டுடும். அப்புறம் அடைக்கவே முடியாது" என்றார்.

இப்போது கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான திட்டத்தில் இந்தச் சிகிச்சை உடனே நடக்கும். அதற்குப் பள்ளிப் பதிவில் பெயரும் எண்ணும், அவள் பெயரில் மருத்துவக் குழுச் சீட்டும் வேண்டும். அது இல்லாவிட்டால் துரைராசு சொந்த ஊர் போய் ஒவ்வொரு காகிதமாகத் தேட வேண்டும். எத்தனை மாதமோ. கவுன்டரில் ஒரு ஆள் காதோடு சொன்னார், "அதான் சுவேதா பேர்ல எல்லாம் ரெடியா இருக்கே, அதுலயே போட்டுடலாமே."

ஒரு நிமிடம் சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன் டீச்சர். மறைப்பானேன். அப்புறம் நினைத்தேன், நாளைக்கு இவளுக்கு மூச்சு முட்டினால் எந்த டாக்டர் எந்தப் பெயரில் பழைய காகிதத்தைத் தேடுவார்?

நீங்கள் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. கொண்டுபோய் ஆபீசில் கொடுத்தால் உங்கள் வேலை போகும், அவளுக்கு எண் வராது. அதனால் கொடுக்க மாட்டேன். நீங்களாகத்தான் எழுத வேண்டும். வியாழக்கிழமைக்குள்.

கமலவல்லி

27 பிப்ரவரி

கமலவல்லி அவர்களுக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் எழுதி எழுதிக் கிழித்தேன். "தவறுதலாக", "வேலைப் பளு காரணமாக", "தலைமையாசிரியரின் அறிவுறுத்தலின்படி" என்றெல்லாம் வந்து விழுந்தது. பயம்தான். பதினாறு வருடச் சர்வீஸ், வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை, மகன் ஆன்டோ பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கிறான். நேற்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மூன்று வரி எழுதினேன். அப்படியே உங்களுக்கும் எழுதுகிறேன்:

"29.1.2025 அன்று மாணவி சுவேதா பள்ளிக்கு வரவில்லை. அவர் சீட்டில் நான் வேறொரு குழந்தையை நிறுத்தினேன். அந்தக் குழந்தைக்குப் பெயர் இருந்தது, எனக்குத் தெரியும், எழுதவில்லை."

இராஜாங்கம் சார் அதை இரண்டு தடவை படித்தார். "என்னம்மா, கடைசி நேரத்துல என் தலையிலயும் கல்லப் போட்டுட்டியே" என்றார். பிறகு அவரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொன்னுத்தாய்க்குச் சேர்க்கை போட்டார். எண் வந்துவிட்டது. மருத்துவக் குழு டாக்டரிடம் நேரில் போய்ச் சொன்னேன். என் வயதில் பாதி இருக்கும் பெண், எல்லாரும் பார்க்க என்னைக் கிழித்து எடுத்துவிட்டார். பேச்சு முடிந்ததும் புதுச் சீட்டில் பொன்னுத்தாய் என்று எழுதிக் கையெழுத்திட்டார். சுவேதா பெயரில் இருந்த பதிவை நீக்கி, அதற்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். இரண்டும் இத்துடன் இருக்கின்றன.

எனக்கு மெமோ வந்திருக்கிறது. விசாரணை முடியும்வரை வகுப்புக்குப் போக முடியாது. வெட்கமாக இருக்கிறது. ஆனால் நேற்றுத்தான் பல நாளுக்குப் பிறகு தூங்கினேன்.

பாத்திமா மேரி

14 மார்ச்
தஞ்சாவூர்

டீச்சர்,

செவ்வாய்க்கிழமை அடைத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே துரைராசு சுவரைப் பார்த்தபடியே நின்றார், ஒரு டீ குடிக்க வைக்க முடியவில்லை. இன்று காலை பொன்னுத்தாய் மூன்று இட்லி தின்றாள். லேடி டாக்டர் குழாயை அவள் காதிலேயே மாட்டிவிட்டு, "இப்ப சத்தம் கேக்குதா?" என்றார். "டப் டப்புதான் கேக்குது, நல்லாவே இல்ல" என்றாள். வார்டே சிரித்தது. நாளை வீட்டுக்கு விடுகிறார்கள். வீடு எது என்று டாக்டர் கேட்டார், வாத்து இப்போது எந்த வயலில் நிற்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார் துரைராசு. ஒரு மாதம் அவள் ஓடக் கூடாதாம். அதுவரை எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன், பள்ளிக்கும் சுவேதாவோடு வருவாள்.

நீங்கள் எழுதிக் கொடுத்தது பெரிய காரியம். அதற்கு மரியாதை. ஆனால் நீங்கள் செய்தது சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், நான் இன்னும் மறக்கவில்லை.

ஒன்று மட்டும் என்னை உட்கார விடவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாளாக அதையே நினைத்துக்கொண்டு நடக்கிறேன். அன்று நீங்கள் ஒழுங்காக, நேர்மையாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சுவேதாவுக்கு வரவில்லை என்று போட்டிருப்பீர்கள். பொன்னுத்தாய் பெயர் அந்த வரிசையிலேயே இருந்திருக்காது. எந்த டாக்டரும் அவள் நெஞ்சில் குழாயை வைத்திருக்க மாட்டார். நீங்கள் பொய் சொன்னதால்தான் இந்தப் பிள்ளை இன்று இட்லி தின்கிறாள். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது டீச்சர்? யார் மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இங்கே வருகிற வழியில் மன்னார்குடிக்கு இந்தப் பக்கம் இன்னொரு வாத்துக் கூட்டத்தைப் பார்த்தேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். நான்கு பிள்ளைகள். ஒருத்தனுக்குக் காதில் சீழ் வடிகிறது, சின்னவள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறாள். பெயர், வயது, அப்பா பெயர், போன் நம்பர் எல்லாம் எழுதி வாங்கியிருக்கிறேன். பின்பக்கத்தில் இருக்கிறது.

மருத்துவக் குழு அந்தப் பக்கப் பள்ளிக்கு எந்தத் தேதியில் வருகிறது? விசாரித்து எழுதுங்கள். இந்த வாரத்துக்குள்.

கமலவல்லி